இளநீல நூல் போன வழி

விறகு பொறுக்கிய ஒருவனின் சாவுக்கு அடுத்தாற்போல் இந்த நூல் பிறக்கிறது. எண்ணாகமம் 15ஆம் அதிகாரம். ஓய்வுநாளில் வனாந்தரத்தில் ஒருவன் விறகு பொறுக்குகிறான். பிடித்தவர்களுக்கு அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை; காவலில் வைக்கிறார்கள். பிறகு தீர்ப்பு வருகிறது, கல்லெறிந்து கொல்கிறார்கள். உடனே அடுத்த கட்டளை: ஆடையின் முனைகளில் தொங்கல் கட்டுங்கள், அதில் இளநீல நூல் இருக்கட்டும், அதைப் பார்த்துக் கட்டளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இனி ஒருவனும் மறந்துபோய்ச் சாகக் கூடாது என்று மக்கள் கையில் கொடுத்த நூலாகவே இதை நான் பார்க்கிறேன்.

எபிரேயத்தில் தொங்கலுக்கு ட்சீட்சித் என்று பெயர். அந்த நீலத்துக்குத் தெகேலெத். சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மோசேயின் சட்டமான தோராவின்படி நத்தை உண்ணத் தகாத உயிர். அதன் சுரப்பியில் எடுத்த சாயமோ கட்டளையை நினைவூட்டும் நூலில் ஏறியது. இன்னொன்றும் உண்டு. கம்பளியும் லினனும் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது உபாகமம் 22:11. அடுத்த வசனமே தொங்கல் கட்டு என்கிறது. லினன் ஆடையில் நீலக் கம்பளி நூலைக் கட்டினால் முதல் கட்டளை மீறப்படுமே! இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டே யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தின் அறிஞர்கள் ஒரு விதி கண்டார்கள்: 'செய்' என்ற கட்டளை 'செய்யாதே' என்ற கட்டளையைத் தள்ளிவைக்கும். ஒரு சட்டம் இன்னொன்றுக்கு வழிவிட்ட இடத்தில்தான் இந்த முடிச்சே விழுந்திருக்கிறது.

கலிலேயாவில் ஒரு பெண்ணின் விரல்கள் இந்தத் தொங்கலைத் தேடி வந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக அவளுக்கு உதிரப்போக்கு. லேவியராகமம் 15இன்படி அவள் படுத்த பாய் தீட்டு, உட்கார்ந்த இடம் தீட்டு. கூட்டத்துக்குள் நுழைந்தால் இடிபடும் அத்தனை பேருக்கும் தீட்டு ஒட்டும். ஒதுங்கியே இருந்தால் சட்டம் நிலைக்கும், அவள் உடம்பு தேயும். அவள் பின்பக்கமாக வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள். நம் பழைய தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் 'ஓரம்' என்கிறது. பரிசேயர் பெரிதாக்கிக்கொள்வதாக இயேசு கண்டிக்கும் இடத்தில் 'தொங்கல்' என்கிறது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'ஓரம்' என்று படித்தே பழகிய நமக்கு, கட்டளைகளை நினைவூட்டும் தொங்கலையே தீட்டுள்ள ஒரு கை பற்றியது என்பது கண்ணில் படாமல் போயிற்று. அவர் அவளை விரட்டவில்லை; 'மகளே' என்றார். இயேசுவை யேசுவா என்றழைத்து, மேசியா என்று நம்பி, தோராவையும் விடாதிருக்கும் மெசியானிக் யூதர்களுக்கு இந்தக் காட்சி உயிர்நிலை. அவர்களுடைய மேசியா தொங்கல் கட்டியவர்.

நத்தைச் சாயம் விலை உயர்ந்தது. அதனால் போலி வந்தது. தல்மூத் அதைக் கலா இலான் என்கிறது. அது செடிச் சாயமான அவுரி என்பதே வழிவழியாக வரும் விளக்கம். எகிப்தில் தலைப்பிள்ளை யார் என்று பிரித்தறிந்த கடவுள், செடி நீலத்தைக் கட்டிக்கொண்டு தெகேலெத் என்று சொல்பவனையும் பிரித்தறிவார் என்று ஓர் அறிஞர் எச்சரித்தார். மேசியா என்று சிலர் நம்பிய பார் கோக்பாவின் கலகம் கி.பி. 135இல் முறிந்தது. அந்தக் காலத்தவர் ஒளிந்திருந்த யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் தொல்லியலாளர் இகல் யாதின் கண்டெடுத்த சாயக் கம்பளியிலும் அவுரி நீலமே இருந்தது.

பிறகு நத்தையை அடையாளம் காணும் அறிவே தொலைந்தது. நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் வெள்ளை நூலை மட்டும் கட்டினார்கள். 1880களில் போலந்தின் ரட்ஸின் ரப்பி கெர்ஷோன் ஹெனோக் லைனர் நேப்பிள்ஸ் வரை போய், கணவாயின் மையிலிருந்து நீலம் எடுத்தார். அது கணவாயின் நிறமே அல்ல, செயற்கையான பிரஷ்யன் நீலம் என்று 1913இல் ஐசக் ஹெர்ட்சோக் என்ற ஆய்வாளர் காட்டினார். லைனர் யாரையும் ஏமாற்ற நினைத்தவரல்ல. அவ்வளவு தூரம் போன மனிதருக்காக இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1980களில் இஸ்ரேலின் ஷெங்கர் கல்லூரியில் ஒட்டோ எல்ஸ்னர், நத்தைச் சாயத் தொட்டியின் மேல் வெயில் பட்டால் ஊதா மறைந்து நீலம் வருவதைக் கண்டார். தொட்டிக்குள் கம்பளி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெளியே தூக்கிக் காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

அந்த நீலமும் அவுரி நீலமும் ஒரே மூலக்கூறு. கட்டி முடித்த நூலைப் பார்த்து எந்தக் கண்ணும் வேறுபாடு சொல்லாது. அப்படியானால் கலா இலானின் குற்றம் நிறத்தில் இல்லை, 'இது அதுதான்' என்று சொல்வதில் இருக்கிறது.

இன்று அதே கேள்வி மெசியானிக் சபைகளுக்குள் வந்து நிற்கிறது. அங்கே யூதரல்லாதவர்களும் தொழுகிறார்கள். அவர்கள் தொங்கல் கட்டலாமா? அன்னியனுக்கும் உங்களுக்கும் ஒரே பிரமாணம் என்று அதே எண்ணாகமம் 15 சொல்கிறது என்பார்கள் ஒரு சாரார். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் புறஜாதியார் மேல் அந்தப் பாரத்தைச் சுமத்தவில்லையே என்பார்கள் மற்றவர்கள். கட்டினால் தெருவில் பார்ப்பவர் யூதர் என்று நினைப்பார். கட்டாவிட்டால் தாங்கள் நேசிக்கும் கட்டளை ஒன்று கைநழுவும். இரு பக்கத்தின் தவிப்பும் உண்மையானது. ஆனாலும் நான் கட்டாதவர்கள் பக்கம்தான். பார்ப்பவர் மனதில் நாம் அல்லாத ஒன்றை எழுதிவிட்டு, கட்டளையைக் காத்தோம் என்று சொல்ல முடியாது.

சகரியா 8ஆம் அதிகாரத்தின் கடைசியில், பல மொழி பேசும் புறஜாதியார் பத்துப் பேர் ஒரு யூதனோடு எருசலேமுக்குப் புறப்படுகிறார்கள். அந்தப் பெண்ணைப் போலவே அவர்கள் கையிலும் இருப்பது அடுத்தவரின் ஆடைத் தொங்கல். அதைப் பற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.