தோளில் ஏறிய பீரங்கி

புதுச்சேரி சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் சேர்ந்த சிப்பாய்கள், பிரான்சுக்காகச் சண்டை போட இந்தோசீனாவுக்குப் போனார்கள். அந்தப் போரில் பிரெஞ்சு டாங்கிகளைப் பதம் பார்த்த குழல்களின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

பீரங்கி சுட்டால் குண்டு முன்னே பாயும், குழல் பின்னே உதைக்கும். அந்த உதையைத் தாங்கத்தான் அத்தனை இரும்பு, சக்கரம், இழுத்துப் போக வண்டி. முதல் உலகப்போருக்குச் சற்று முன் கிளீலண்ட் டேவிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, குண்டின் எடைக்குச் சமமாக ஈயத்தையும் மசகையும் பின்பக்கம் பறக்கவிட்டு உதையைச் சரிக்கட்டினார். பிறகு வந்தவர்கள் ஈயத்தை விட்டுவிட்டு வெடிவாயுவையே பின்னால் திறந்துவிட்டார்கள். குழல் இளைத்தது, தோளில் ஏறியது. பின்னால் நிற்பவன் பாடுதான் ஆபத்து!

1942இல் வந்த அமெரிக்க பசூக்கா ராக்கெட் வகை. அதற்கும் உதை கிடையாது. அதன் குண்டின் முனையில் வெடிமருந்தைக் கூம்பாகக் குடைந்து, உள்ளே உலோகத் தகடு பதித்திருப்பார்கள். வெடித்ததும் தகடு ஊசிபோல் பீறிட்டு எஃகைத் துளைக்கும். சூட்சுமம் குண்டின் வேகத்தில் இல்லை, அந்தக் குழிவில்தான்.

பிரான்சில் படித்துப் பொறியாளராக வேலை பார்த்த வியட்நாமியர் ஃபாம் குவாங் லே, 1946இல் விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோ சி மின்னோடு ஊர் திரும்பினார். சான் தாய் ஙியா என்று அவருக்குப் புதுப் பெயர் வைத்ததும் ஹோ சி மின்தான். தாய் நுயென் பக்கத்துப் பட்டறையில், நல்ல எஃகோ சரியான மருந்தோ இல்லாமல், பசூக்கா செய்ய முனைந்தார். முதல் குண்டுகள் பிசகின. பிறகு ஒரு குண்டு செங்கல் சுவரைச் சுமார் 75 செ.மீ. துளைத்தது. 1947 மார்ச்சில் ஹனோய் அருகே அந்தப் பசூக்கா களமிறங்கியது. அடுத்து உதைக்காத பீரங்கியையும் அவர் குழு செய்தது. பிரான்ஸ் சொல்லிக்கொடுத்த படிப்பு பிரான்சின் மேலேயே பாய்ந்ததை வஞ்சகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிமை நாட்டான் வேறெங்கே போய்ப் படிப்பான்?

டியன் பியன் ஃபூ கோட்டைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 10 டாங்கிகளைக் கழற்றி விமானத்தில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அதற்குள் ஹோ சி மின்னின் வியட்மின் படையிடம் சீனா கொடுத்த 75 மி.மீ. உதைக்காத குழல்களும் இருந்தன, பிரெஞ்சுப் படையிடமும் அதே இனத்து அமெரிக்கக் குழல்கள். 1954 மே 7இல் கோட்டை விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.