சிதம்பரத்துக்கு ஓடி வந்த மாடுகளும் வேகாத கறியும்

ஹைதர் அலி சிதம்பரத்துக்கு வந்த கதை நம்ம பக்கத்தில் பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். கோயில் மதிலுக்குள் பட்டாளம் இருந்தது என்பார்கள், பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை நடந்தது என்பார்கள். அந்தப் பீரங்கிகளை இங்கே இழுத்து வந்தது யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மாடுகள்! இந்தக் கட்டுரை அந்த மாடுகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றின் தசையைப் பற்றியது. (பி.காம். படிக்கிறவனுக்கு மாட்டுத் தசையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்குப் பதிவியலுக்குத்தான் வந்து சேரப் போகிறேன். சைவ நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம், இது சமையல் குறிப்பு இல்லை.)

வருடம் 1781. சர் அயர் கூட் என்ற ஆங்கிலேயத் தளபதி பிப்ரவரி மாதத்தில் கடலூர் வந்து சேர்கிறார். வந்தவர் ஜூன் பாதி வரை அங்கேயே முடங்கிக் கிடக்கிறார். துப்பாக்கிக்கோ மருந்துக்கோ பஞ்சமில்லை. சோறும் இல்லை, பீரங்கியையும் மூட்டையையும் இழுக்க மாடும் இல்லை. கப்பலில் வருவதை வைத்துத்தான் பிழைப்பு. ஒருவழியாகக் கிளம்பி, வெள்ளாற்றைத் தாண்டி, ஜூன் 18-ல் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். உள்ளே இருந்த ஹைதரின் ஆட்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். கூட் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார்.

அப்போது ஹைதர் தெற்கே இருந்தார். செய்தி கேட்டதும் கிளம்பி, 100 மைலை இரண்டரை நாளில் கடந்து, கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே வழியை மறித்து உட்கார்ந்துவிட்டார். 100 மைல் என்றால் 160 கிலோமீட்டர். அந்தக் காலத்துப் படை ஒன்று பீரங்கியோடு நாளொன்றுக்கு 10, 12 மைல் போனாலே பெரிய விஷயம். எழுதி வைத்தவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம், பாதியாகக் குறைத்தாலும் அது அசுர வேகம்தான். ஜூலை 1-ல் நடந்த சண்டையில் கூட் ஜெயித்தார். ஆனால் ஹைதர் தன் பீரங்கிகளை எதிரி கண் முன்னாலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார். துரத்திப் பிடிக்க கூட்டிடம் அந்த மாதிரி மாடு இல்லை.

இந்த மாடுகள்தான் பின்னாளில் அமிர்த மகால் என்று பெயர் பெற்றவை. மைசூரில் சிக்க தேவராஜ உடையார் காலத்திலேயே (1672-1704) அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவதற்காக 'பெண்ணெ சாவடி' என்று ஒரு துறை இருந்தது. ஹைதர் அதைப் படைக்குத் திருப்பினார், திப்பு அதற்கு அமிர்த மகால் என்று பெயர் வைத்தார். வெண்ணெய் இலாகா பீரங்கி இலாகா ஆன கதை! 1799-ல் திப்பு விழுந்ததும் கம்பெனிக்காரர்கள் அந்த மந்தையைக் கைப்பற்றினார்கள். பிறகு 1860-ல் சிக்கனம் என்று சொல்லி மந்தையை விற்றுத் தீர்த்தார்கள். நல்ல இழுவை மாடு கிடைக்காமல் திண்டாடி 1866-ல் மறுபடி தொடங்கினார்கள். சிக்கனம் செய்து நஷ்டப்படுவது அப்போதே இருந்திருக்கிறது.

சரி, தசைக்கு வருவோம்.

இந்த மாட்டின் உடம்பு ஓட்டத்துக்காகவே வாய்த்தது. நீண்ட கால், ஒட்டிய வயிறு, கொழுப்பே கிடையாது. குணமோ நெருப்பு, பழக்குவதே பெரும்பாடு. நெடுந்தூரம் சளைக்காமல் போகிற தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நிறைய இருக்கும், அதனால் நிறம் அடர் சிவப்பாக இருக்கும். தசைக்கட்டுகளைச் சுற்றி உறை போட்டதுபோல் இருப்பது கொலாஜன் என்ற இன்னொரு புரதம். வயது ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன, வேக வைத்தாலும் சுலபத்தில் கரையாது. இழுக்கிற மாட்டுக்கு இதெல்லாம் பலம், கறிக்கடைக்காரருக்கு இதெல்லாம் தலைவலி.

இதைவிடச் சுவாரசியமான கதை ஒன்று உண்டு. தசை சுருங்குவது மயோசின், ஆக்டின் என்ற இரண்டு புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால். இது 1954-ல் தெளிவானது. மாடு இறந்ததும் இந்த இழைகளைப் பிரித்துவிடுகிற ஏடிபி தீர்ந்துபோகிறது, இரண்டும் பூட்டிக்கொள்கின்றன, உடம்பு விறைக்கிறது. பிறகு கால்பெயின் என்ற நொதி வேலையை ஆரம்பிக்கும். இழைகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் டைட்டின், டெஸ்மின் போன்ற புரதங்களை அது கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. மேல்நாடுகளில் கறியைக் குளிர் அறையில் 7 நாள், 14 நாள் தொங்கவிடுவது இதற்காகத்தான். அந்தக் கால்பெயினுக்கு ஒரு கடிவாளம் உண்டு, பெயர் கால்பாஸ்டாட்டின். அது அதிகம் இருந்தால் கால்பெயின் வாயைத் திறக்க முடியாது, கறி கடினமாகவே இருக்கும்.

நம்ம ஊர்த் திமில் மாடுகளில் இந்தக் கடிவாளம் அதிகம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையத்தில் ஹியர்ஃபோர்டு-ஆங்கஸ் கலப்பு மாடுகளையும், பஞ்சாபின் சாஹிவால் ரத்தம் கலந்த மாடுகளையும் ஒப்பிட்டு 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். சாஹிவால் பங்கு உள்ள மாடுகளில், வெட்டி 24 மணி நேரம் கழித்தும் கால்பாஸ்டாட்டின் கூடுதலாக இருந்தது, கறியை அறுக்கத் தேவையான விசையும் கூடுதலாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் கறிக்குத் தரம் போடும்போது திமிலின் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். திமில் உயர உயர மதிப்பெண் குறையும்! நாம் பொங்கலுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிற திமில் அங்கே மைனஸ் மார்க்.

குணத்துக்கும் பங்கு இருக்கிறது. மிரளுகிற மாடு வெட்டுவதற்கு முன்பே தசையில் உள்ள கிளைகோஜனை எரித்துத் தீர்த்துவிடும். அது இருந்தால்தான் இறந்தபின் அமிலம் உண்டாகிக் கறி சரியான நிறத்துக்கு வரும். இல்லாவிட்டால் கறுத்து, பிசுபிசுத்துப் போகும். ஹைதரின் பீரங்கியைச் சிதம்பரத்துக்கு இழுத்து வந்த அந்த நெருப்புக் குணம் கறிக்கடையில் செல்லாக்காசு.

அப்படியானால் நம்ம மாட்டுக்கறி ஏன் வேகவில்லை என்பதற்கு இனமே காரணம் என்று முடித்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958-ன்படி, 10 வயதைத் தாண்டி, உழைக்கவும் இனவிருத்திக்கும் உதவாமல் போன மாட்டுக்கே பொதுவாக வெட்ட அனுமதிச் சான்று கிடைக்கும். பசுவுக்கு 1976-ல் தனியாகத் தடை ஆணையும் வந்தது. ஆக, கடைக்கு வருவது பத்து வருஷம் ஏர் இழுத்து, வண்டி இழுத்துக் கொலாஜன் முறுக்கேறிய மாடு. அதையும் விடிகாலையில் வெட்டிப் பகலுக்குள் விற்றுவிடுகிறார்கள். குளிர் அறையும் கிடையாது, பதினாலு நாளும் கிடையாது. கால்பெயின் வேலை தொடங்கும் முன்பே கறி குக்கரில் ஏறிவிடுகிறது. அதற்கப்புறம் கடிவாளம் அதிகமா குறைவா என்பது பெரிய விஷயமே இல்லை. நீண்ட நேரம் கொதிக்க வைத்துக் கொலாஜனைக் கரைப்பதுதான் ஒரே வழி, நம்ம வீட்டுச் சமையல் அதைத்தான் செய்கிறது. மேல்நாட்டு ஆராய்ச்சியை அப்படியே எடுத்து 'நாட்டு மாடு கடினம்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இதற்கு எதிர் உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்த ஓங்கோல் மாடு 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறியது. அந்த ஊர்ப் பெயரே அங்கே 'நெலோர்' என்று இனப் பெயராகிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் போன 'கர்வாடி' என்ற காளைக்கு ஓங்கோல் அருகிலுள்ள கரவதி கிராமத்தின் பெயர்தான். இன்று பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மாடுகள், அதில் பெரும்பகுதி நெலோர் ரத்தம். அதே திமில், அதே கால்பாஸ்டாட்டின். ஆனால் இளசாகவே வெட்டுகிறார்கள், குளிரூட்டுகிறார்கள், மென்மையான கறி தரும் மரபணு உள்ள காளையைத் தேடிப் பிடித்து இனம் பெருக்குகிறார்கள். வெயிலும் உண்ணியும் தாங்குகிற உடம்பு அவர்களுக்குக் கிடைத்த போனஸ். 2023-ல் வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டி உலக சாதனை ஆனது.

இப்போது கணக்குப் பதிவியல். பிரேசில்காரருக்கு மாடு சரக்கிருப்பு, விற்பதற்காகவே வளர்க்கும் பொருள். நமக்கு மாடு நிலைச் சொத்து, இயந்திரம் மாதிரி. கறி என்பது அந்த இயந்திரம் தேய்ந்தபின் கிடைக்கிற எஞ்சிய மதிப்பு மட்டும்தான். பழைய லேத் மெஷினை எடைக்குப் போட்டால் என்ன தரம் பார்ப்பீர்கள்? அதனால் இங்கே யாரும் கறிக்காக மாட்டினத்தைத் திருத்தியதே இல்லை. இழுவைக்காகத்தான் திருத்தினார்கள், அதில் சிகரத்தையே தொட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், டிராக்டர் வந்தபிறகு அந்த இழுவைக்கு மதிப்பில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் உம்பளச்சேரி மாடு இருக்கிறது. மோட்டை மாடு, தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். அமிர்த மகால், காங்கேயம் எல்லாம் சேர்ந்த அதே வகையறாதான். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறும். காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவார்கள். முழங்கால் சேற்றில் நாள் பூரா உழக்கூடிய தசை. பாலோ வீட்டுக் காப்பிக்குத் தேறும், அவ்வளவுதான். உழவும் போய், பாலும் இல்லாமல், கறிக்கும் நல்ல விலை இல்லாமல் ஒரு விவசாயி எதை நம்பி அதை வைத்திருப்பார்? 'பாரம்பரியம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் வைக்கோல் வாங்கித் தருவதில்லை. திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் இந்த இனத்துக்காக அரசுப் பண்ணை ஒன்று இருக்கிறது. மற்றபடி சொந்தக் கௌரவத்துக்காக வளர்ப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

அமிர்த மகாலின் நிலைமையும் அதேதான். திப்பு காலத்தில் மேய்ச்சலுக்கென்றே 'காவல்' நிலங்கள் லட்சக்கணக்கான ஏக்கர் இருந்தன. சுருங்கிச் சுருங்கி மிஞ்சியதிலும் சள்ளக்கெரெயில் சுமார் 10,000 ஏக்கர், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ராணுவ ஆராய்ச்சி, அணுசக்தி, விண்வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டது. மிச்சமுள்ள மந்தை சிக்கமகளூரு மாவட்டம் அஜ்ஜம்பூராவில், கர்நாடக அரசு நிலையத்தில் மேய்கிறது.