டைனமோ காலத்து வைத்தியம்

பழைய அம்பாஸடரில் ராத்திரி போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிக்னலில் வண்டி நின்றதும் முன்விளக்கு மங்கும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு லேசாகக் கண் சிமிட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எல்லாம் சரியாகிவிடும். பலர் இதை பேட்டரி கோளாறு என்று நினைத்தார்கள். இல்லை, அது டைனமோவின் பிறவிக் குணம்.

கதை 1912ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் அந்த வருஷம் காடிலாக் காரில் வந்தது. கைப்பிடியைச் சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட காலம் மெல்ல முடிந்தது. ஆனால் செல்ஃப் வந்தால் பேட்டரி வேண்டும், பேட்டரியை நிரப்ப டைனமோ வேண்டும். நம் பக்கம் அந்த வேலைக்கு லூகாஸ் என்றே பெயர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தயாராகத் தொடங்கிய அம்பாஸடர், பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. மின்சார ஏற்பாடும் அதே வம்சம்தான். 1961ல் லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியைத் தொடங்கின. நம்ம சென்னைப் பாடியில்தான் தொழிற்சாலை. (லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று வெள்ளைக்காரர்களே கிண்டல் செய்வார்கள், அது வேறு கதை.)

என் பாஷையில் சொன்னால் பேட்டரி சேமிப்புக் கணக்கு, டைனமோ சம்பளம். பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச வரவே 22 ஆம்பியர். முன்விளக்கு இரண்டும் 45 வாட் என்றால் அதற்கு மட்டும் ஏழரை ஆம்பியர். இக்னிஷன் காயில், பின்விளக்கு, மழை வந்தால் வைப்பர் எல்லாம் சேர்த்தால் பாதிக்கு மேல் போய்விடும். வண்டி நின்று கொண்டிருக்கும்போது டைனமோ மெதுவாகச் சுற்றுவதால் வரவு ஏறக்குறைய பூஜ்யம். டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றால் மினிமம் பாலன்ஸ் கூடத் தேறாது :-)

அந்தக் கால எலக்ட்ரீசியன் பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் முதலில் அதை இழுத்துக் கட்டுவார். அடுத்து டைனமோவின் டி, எஃப் இரண்டு ஒயரையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு ஒரு 12 வோல்ட் பல்பைக் கொடுத்து, எஞ்சினை லேசாக ஏற்றுவார். பல்பு எரிந்தால் டைனமோ நல்லது. கோளாறு கட்-அவுட்டிலோ ஒயரிலோ. எரியாவிட்டால் கார்பன் பிரஷ், ஆர்மேச்சர் என்று உள்ளே போக வேண்டும். நாள்கணக்கில் சும்மா கிடந்த டைனமோ தன் காந்தத்தையே மறந்திருக்கலாம். கழற்றிய எஃப் முனையை பேட்டரியின் லைவ் ஒயரால் ஒரு நொடி தொட்டால் நினைவு திரும்பிவிடும். செலவு ஒன்றுமில்லை.

இதே கைகளுக்கு ஆல்டர்னேட்டர் வந்தபோதுதான் வம்பு. 1960 மாடல் வேலியண்ட் காரிலேயே கிரைஸ்லர் அதைக் கொடுத்துவிட்டது. சிலிக்கான் டயோடு மலிவானதால் வந்த மாற்றம் இது. வண்டி நின்றாலும் சார்ஜ் ஏறும், கட்-அவுட் தேவையில்லை. ஆனால் டைனமோ வண்டிகளில் ஒரு பழக்கம் இருந்தது: எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது, எஞ்சின் நிற்காவிட்டால் 'சார்ஜ் ஆகுது சார்' என்பது. ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால் வோல்டேஜ் திடீரென எகிறும், டயோடு போய்விடும். சோதனையே நோயாகிவிடுகிறது! இன்றும் சில ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்கிறார்கள். உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள்.

இன்னொன்று, அந்தச் சிவப்பு விளக்கு. டைனமோ காலத்தில் அது வெறும் சாட்சி. பல்பு ஃப்யூஸ் ஆனாலும் சார்ஜ் நிற்காது. பல ஆல்டர்னேட்டர்களில் அப்படியில்லை. ஆரம்பத்தில் அதை எழுப்பும் சின்னக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கலாம். சில ரூபாய் பல்புக்காகப் பல ஆயிரம் ரூபாய் ஆல்டர்னேட்டரை மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாஸடர் தயாரிப்பு நின்றது. கட்-அவுட்டின் கான்டாக்டைத் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஊரில் அப்பாவின் பழைய வண்டி ஷெட்டில் நிற்கிறது என்றால், அடுத்த லீவில் பானெட்டைத் திறந்து பாருங்கள். நீளமான உருளை என்றால் டைனமோ. குட்டையாக, காற்றோட்டத் துளைகளோடு இருந்தால் ஆல்டர்னேட்டர். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஏற்றினால், ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.6க்கும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பேட்டரி தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்.