கண்ணாடியில் பேர் விழுந்த கதை

கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்தால் கடையிலேயே பேர் வெட்டித் தரச் சொல்வது நம்மூர் வழக்கம். எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் கொடுப்பவர் பேரும் தேதியும் புள்ளி புள்ளியாக விழும். இப்போது கண்ணாடி டம்ளரில் வீட்டிலேயே பேர் பதித்து அன்பளிப்பாகக் கொடுக்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் எவர்சில்வரில் ஊசி செய்கிற வேலையை இங்கே ரசாயனம் செய்கிறது. அந்த ரசாயனம் பிறந்த கதை தெரியாமல் அதன் டப்பாவைத் திறக்கக் கூடாது.

1771-இல் ஸ்வீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, புளோர்ஸ்பார் என்ற கல்லைக் கந்தக அமிலத்தோடு கண்ணாடி வாலையில் போட்டுக் காய்ச்சினார். கிளம்பிய ஆவி வாலையின் உட்புறத்தையே அரித்துவிட்டது. மற்ற அமிலங்களை ஊற்றி வைக்கிற கண்ணாடியையே தின்னும் அந்த அமிலம்தான் ஹைட்ரோபுளோரிக். கண்ணாடியில் உள்ள சிலிக்காவை அது கரைத்துவிடும். அதனால் அதைக் கண்ணாடியில் வைக்க முடியாது, பெரும்பாலும் பிளாஸ்டிக் கலனில்தான் வைப்பார்கள்.

வெறும் அமிலம் அரித்த இடம் தெளிவாகவே நிற்கும். அம்மோனியம் உப்பும் சேர்ந்தால் நுண்ணிய படிகங்கள் படிந்து அங்கங்கே மறைக்கும். அரிப்பு மேடும் பள்ளமுமாக நடக்கும். அந்தச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெண்மை தெரிகிறது. துளி சாயம்கூட அதில் இல்லை. இன்று வீட்டு உபயோகத்துக்கு விற்கும் எச்சிங் கிரீம்கள் பலவற்றிலும் இருப்பது அம்மோனியம் பைபுளோரைடு என்ற உப்பு. ரசாயனம் இல்லாத வழியும் ஒன்று உண்டு: 1870-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் டில்க்மன் மணலைப் பீய்ச்சிக் கண்ணாடியைத் தேய்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அது பட்டறை வேலை, வீட்டுக்கு ஆகாது.

கிரீம் வேலையில் கைத்திறன் எல்லாம் மறைப்பதில்தான் இருக்கிறது. திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் பனியன் பிரிண்டிங் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்கிரீனில் மை இறங்கும் இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் அடைபட்டிருக்கும். டம்ளரில் ஸ்கிரீனுக்குப் பதில் எழுத்து வெட்டிய வினைல் ஸ்டிக்கர். ‘ண’வின் சுழிக்குள் நிற்கும் குட்டித் துணுக்கு பெயர்ந்தால் எழுத்தே அடைந்துபோகும். ஓரங்களை நகத்தால் அழுத்தி நீவ வேண்டும். இல்லையென்றால் கிரீம் உள்ளே கசிந்து, எழுத்து பிசிறடிக்கும். பூசிய பிறகு டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை மீறாதீர்கள்.

கழுவுமுன் கிரீமை வழித்து டப்பாவிலேயே விடலாம், மறுபடி வேலை செய்யும். சாக்கடைக்குப் போவதும் குறையும். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர்க்காரர்கள் நாம். ஒரு கரண்டி கிரீமானாலும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பீங்கான் வாஷ்பேசினிலும் கழுவாதீர்கள், அதன் பளபளப்பையும் அரித்துவிடும்.

கையில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது, அதுதான் மோசம். புளோரைடு தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அங்கே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவுவார்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிரீமே வேண்டாம். வைரமுனைப் பேனா ஒன்று வாங்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஈரமாக வைத்துக் கையாலேயே செதுக்குங்கள்.