அப்புச்சி, அமுச்சிக்கு சீனியர் ஹோம் தேடுறீங்களா? இதையெல்லாம் செக் பண்ணுங்க!

பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று செட்டிலாகிவிட, கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் முதியோருக்கான குடியிருப்புகள் வந்துவிட்டன. இதமான கிளைமேட்டும் பெரிய மருத்துவமனைகளும் ஊரின் பிளஸ். ஆனால், புரோஷரில் தெரியும் புல்வெளியைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. இன்று வாக்கிங் போகிறவர் நாளை படுக்கையில் விழுந்தால், அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? அதுதான் முதல் கேள்வி.

சாப்பாடு: முன்கூட்டியே சொல்லாமல் மதிய நேரத்தில் போங்க. அங்கேயே சாப்பிட்டுப் பாருங்க. குடியிருப்பவர்களிடம் தனியாகப் பேசுங்க.

ராத்திரி 2 மணி: எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் எத்தனை நிமிஷத்தில், யார் வருவார்? இரவு நர்ஸ் உண்டா? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது?

பாத்ரூம்: வழுக்காத தரை, கைப்பிடி, வீல்சேர் நுழையும் அகலத்தில் கதவு இருக்கிறதா? முதியோர் குடியிருப்புகளுக்கென்றே மத்திய அரசு 2019-ல் மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

அக்ரிமென்ட்: வீடு சொந்தமா, லீஸா? டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும்? மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? தம்பதியில் ஒருவர் இறந்துவிட்டால் கட்டணம் குறையுமா? மறதி நோய் வந்தால் காலி பண்ணச் சொல்வார்களா? வாய்வார்த்தை வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கணும்.

சந்தேகம், புகார் எதுவானாலும் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.

பணம் கட்டும் முன், அப்புச்சியும் அமுச்சியும் ஒரு வாரம் தங்கிப் பார்க்க முடியுமா என்று கேளுங்க. அங்கே வாழப்போறது அவங்க; பிடிச்சிருக்கான்னு சொல்ல வேண்டியதும் அவங்கதான்!