புதுச்சேரி மருத்துவக் கல்வியும் அவசர சிகிச்சைக்கான உடற்கூறியலும்

புதுச்சேரியில் மேலை மருத்துவக் கல்வி 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு நிறுவிய 'எக்கோல் தெ மெத்சீன்' என்னும் மருத்துவப் பள்ளியுடன் தொடங்குகிறது. கோரிமேட்டில் இன்று இயங்கும் ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஜிப்மர், தன் வரலாற்றை அந்தப் பள்ளியிலிருந்தே எண்ணுகிறது. அப்பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் பிரெஞ்சுக் கடற்படையையும் குடியேற்றப் படைகளையும் சேர்ந்த மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள். காயம்பட்டவனை முதலில் தொடும் மருத்துவருக்கு உடற்கூறியல் எந்த அளவில், எந்த வடிவில் தேவை என்ற கேள்வி அவர்களுடைய தொழிலிலேயே இருந்தது. இரு நூற்றாண்டுகள் கழித்து, அவசர மருத்துவம் தனித்துறையாக வளர்ந்த பின், அதே கேள்வி மீண்டும் எழுந்துள்ளது.

இருவகை உடற்கூறியல்

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் கற்பிக்கப்படும் உடற்கூறியல் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது. தோலை விலக்கி, தசையைப் பிரித்து, நரம்பும் தமனியும் எங்கிருந்து கிளம்பி எங்கே முடிகின்றன என்று மாணவர் வாரக்கணக்கில் பார்க்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான திசை. அவர் முன்னால் இருப்பது மூடிய தோல். அதன்மேல் விரலை வைத்து, அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஊசியோ கத்தியோ எதைத் தவிர்த்துப் போக வேண்டும் என்பதைச் சில நொடிகளில் சொல்லியாக வேண்டும். பாடநூல்கள் இதை மேற்பரப்பு உடற்கூறியல் என்று ஒரு சிறு அத்தியாயமாக ஒதுக்குவது வழக்கம். அவசர மருத்துவருக்கோ அந்த அத்தியாயம்தான் முழு நூல்.

தமிழ் மரபில் வர்மக் கலையும் இத்தகைய மேற்பரப்பு அறிவுதான். 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 இடங்களை உடலின் மேலிருந்தே விரலளவால் குறிக்கும் முறை அது. அதன் உடலியல் விளக்கம் வேறு. ஆனால் அடிபட்டவனின் உடலில் இடத்தை அறிவதே முதல் வேலை என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு.

கப்பல் அறுவை மருத்துவர்கள்

பிரான்சின் ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் 1722-இல் கடற்படை அறுவை மருத்துவர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் கொஷோன் துய்புயி. உடற்கூறியலும் அறுவையுமே அதன் அடிப்படைப் பாடங்கள். தூலோனில் 1725-இலும் பிரெஸ்டில் 1731-இலும் இதே போன்ற பள்ளிகள் வந்தன. பல்கலைக்கழகங்களில் இலத்தீன் நூல்களை வாசித்து மருத்துவராவதே அக்கால வழக்கம் என்பதால் இது புதிய போக்கு. காரணம் எளியது. கப்பலில் கலந்தாலோசிக்க வேறு மருத்துவர் பெரும்பாலும் கிடைக்கமாட்டார். பீரங்கிக் குண்டு கால் எலும்பை நொறுக்கினால், இரத்தம் பீறிடும் தமனியை எங்கே அழுத்துவது என்பது அந்த ஒருவரின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து 1846-க்குப் பிறகுதான் பரவியது. அதுவரை அறுவை மருத்துவரின் திறமை வேகத்தில் இருந்தது. வேகமோ உடற்கூறு அறிவில் இருந்தது.

நெப்போலியன் படையின் தலைசிறந்த அறுவை மருத்துவர் தொமினிக் ஜான் லரே (1766–1842) கூட 1787-இல் பிரெஸ்டிலிருந்து கடற்படைக் கப்பலில் சென்றுதான் தொழிலைத் தொடங்கினார். போர் முடியும்வரை காயம்பட்டோரைக் களத்திலேயே விட்டுவைக்கும் வழக்கத்தை மாற்றி, குதிரை வண்டிகளை அவர்களிடம் அனுப்பினார் அவர். பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து முறை வகுத்ததும் அவரே. ஆம்புலன்ஸ், டிரையேஜ் என்று இன்று உலகெங்கும் வழங்கும் இரு சொற்களும் பிரெஞ்சிலிருந்து வந்தவை என்பது தற்செயல் அல்ல.

1823: பள்ளியின் தொடக்கம்

புதுச்சேரி 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் மும்முறை ஆங்கிலேயர் முற்றுகைக்கு வீழ்ந்த ஊர். 1816-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது இராணுவ வலிமைக்கு இடமில்லை. நிர்வாகம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கே இடமிருந்தது. அந்தச் சூழலில்தான் மருத்துவப் பள்ளி பிறந்தது. இன்று புதுச்சேரி சட்டப்பேரவை இயங்கும் கட்டடத்தில் வகுப்புகள் நடந்ததாக ஜிப்மரின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. தேறியவர்களுக்கு 'மெத்சேன் லொக்கால்' (உள்ளூர் மருத்துவர்) என்ற பட்டம் வழங்கப்பட்டது. அதைக் கொண்டு பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அவர்கள் மருத்துவம் பார்க்கலாம்.

இந்தப் பட்டத்தின் பின்னணியில் பிரான்சின் 1803-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் தெரிகிறது. அச்சட்டம் மருத்துவர்களை இரு படிகளாகப் பிரித்தது. முழுப் பட்டம் பெற்ற மருத்துவர் மேல்படி. குறைந்த காலப் பயிற்சியுடன் ஊர்ப்புறங்களில் பணியாற்றும் 'சுகாதார அலுவலர்' கீழ்ப்படி. கீழ்ப்படி 1892-இல்தான் ஒழிக்கப்பட்டது. குடியேற்ற நாட்டு மக்களுக்கு இரண்டாம்படி மருத்துவரே போதும் என்ற ஆட்சியாளர் மனப்பான்மையை 'லொக்கால்' என்ற சொல்லில் காணாமல் இருக்க முடியாது. ஆயினும் எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் மக்கள் முதலில் போய் நின்றது இத்தகைய மருத்துவர் வாசலில்தான்.

காலவரிசையில் இப்பள்ளி தொடக்ககாலப் பள்ளிகளுள் ஒன்று. கல்கத்தாவில் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன் 1822-இல் தொடங்கியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியும் சென்னை மருத்துவக் கல்லூரியின் முன்னோடிப் பள்ளியும் 1835-இல்தான் வந்தன. கல்கத்தாவில் மதுசூதன் குப்தா 1836-இல் மனிதச் சடலத்தைக் கூறிட்டது, சாதி விலக்குகளை மீறிய நிகழ்வாக இந்திய மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறது.

தமிழிலேயே உடற்கூறியல் கற்பித்த முயற்சி பாக் நீரிணைக்கு அப்பால் நடந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) தமிழ் மாணவர்களைப் பயிற்றுவித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறியல் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் வந்தது. ஆங்கில மூலம் வெளிவந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த மூலத்துக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அப்போது பம்பாயில் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பது ஒரு சுவையான செய்தி. புதுச்சேரியில் பாடமொழி பிரெஞ்சு. அங்கே இத்தகைய தமிழ் முயற்சி வேரூன்றவில்லை. இழப்பு தமிழுக்குத்தான்.

கோரிமேடு

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. 1956-இல் இந்திய அரசு மருத்துவக் கல்லூரியை ஏற்றது. ஊருக்கு வெளியே கோரிமேட்டில் புதிய வளாகத்துக்கு அடிக்கல் நாட்டியவர் இந்தியாவுக்கான பிரெஞ்சுத் தூதர் ஸ்தானிஸ்லாஸ் ஓஸ்த்ரோரோக். சிறிது காலம் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று வழங்கிய நிறுவனத்துக்கு, நேரு மறைந்த சில வாரங்களில், 1964 ஜூலை 13 அன்று இன்றைய பெயர் சூட்டப்பட்டது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. பாடமொழி ஆங்கிலமாயிற்று.

இந்தியக் கல்லூரிகள் அனைத்திலும் போலவே உடற்கூறியல் இங்கும் மருத்துவமனைக்குள் நுழையும் முன் முடித்துவிடும் பாடமாக நிலைத்தது. பதினெட்டு வயதில் கூறிடல் மேசையில் பார்த்த கழுத்தை, பத்து ஆண்டு கழித்து நள்ளிரவில் மூச்சடைத்த நோயாளியிடம்தான் ஒரு மருத்துவர் மீண்டும் தேடுகிறார். இடையில் மறதி. முன்பு ஒன்றரை ஆண்டாக இருந்த முதற்கட்டப் பாடக்காலம் 1997-ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஓராண்டாகக் குறைந்தது. கூறிடலுக்கான நேரமும் அதனுடன் சுருங்கியது. மறுபுறம், 'கேஷுவாலிட்டி' என்றழைக்கப்பட்ட அவசரப் பிரிவு நீண்டகாலம் யாருக்கும் சொந்தமில்லாத வாசலறையாகவே இந்திய மருத்துவமனைகளில் இருந்தது. அனுபவம் குறைந்தவரே அங்கு அமர்த்தப்படுவார். துறை மருத்துவர் மேலிருந்து வரும்வரை காத்திருப்பார். அமெரிக்காவில் 1979-இல் தனித்துறைத் தகுதி பெற்ற அவசர மருத்துவத்தை இந்திய மருத்துவக் கழகம் 2009-இல்தான் ஏற்றது. இப்போது ஜிப்மரில் அவசர மருத்துவத்தில் எம்.டி. பட்டமேற்படிப்பு உள்ளது. புதுச்சேரி மட்டுமின்றி விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பகுதிகளின் சாலை விபத்துகளும் அங்கே வந்து சேர்கின்றன.

கழுத்தில் ஒரு விரலளவு

மேற்பரப்பு உடற்கூறியல் உயிருடன் எவ்வளவு நேரடியாகத் தொடர்புடையது என்பதற்குக் கழுத்தின் ஒரு சிறு சவ்வின் கதை போதும். குரல்வளை மேட்டிலிருந்து விரலை நடுக்கோட்டில் கீழே இழுத்தால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அதற்குக் கீழே வளையம் போன்ற கிரிக்காய்டு குருத்தெலும்பு. மேலே தைராய்டு குருத்தெலும்பு, கீழே கிரிக்காய்டு, இடையே இருப்பது கிரிக்கோதைராய்டு சவ்வு. வாய்வழியாகக் குழாய் செலுத்த முடியாமலும் முகமூடியால் காற்றூட்ட முடியாமலும் போகும்போது, மூச்சுவழியைத் திறக்க மிக அருகில் உள்ள இடம் இதுவே. தோலுக்கும் காற்றுப் பாதைக்கும் இடையில் இங்கே தடையாக நிற்பது மிகக் குறைவு.

1921-இல் பிலடெல்பியாவின் செவாலியர் ஜாக்சன், நாள்பட்ட குரல்வளைச் சுருக்கத்துக்கு உயரத்தில் செய்யப்படும் மூச்சுக்குழாய்த் திறப்பே முதன்மைக் காரணம் என்று எழுதினார். அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்குத் தவறான உயரத்தில், கிரிக்காய்டு வளையமே சிதையும்படி, அறுவை நடந்திருந்தது. மருத்துவ உலகம் அந்த வேறுபாட்டைப் பிரித்துப் பாராமல், சவ்வு வழியே திறக்கும் முறையையும் சேர்த்தே அரை நூற்றாண்டு ஒதுக்கிவைத்தது. 1976-இல் பிரான்டிகன், குரோ ஆகிய இருவரும் 655 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. ஒரு விரற்கடை இடவேறுபாடு 55 ஆண்டுகளை விழுங்கியது.

சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை. பருமனான கழுத்திலும் பெண்களின் கழுத்திலும் மேடு தெளிவாகத் தெரியாது. பயிற்சி பெற்றவர்களே விரலால் தவறான இடத்தைக் காட்டுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பிரிட்டனின் கடின மூச்சுவழிச் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, ஒரே விரலை நம்பாமல் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே குரல்வளை முழுவதையும் பிடித்து, அசைத்துப் பார்த்து, பின் கீழே இறங்கச் சொல்கிறது. அப்படியும் இடம் தட்டுப்படாவிட்டால் நடுக்கோட்டில் நெடுக்காகக் கீறி, உள்ளே விரலால் தேட வேண்டும்.

நெஞ்சு

நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று அடைபட்டு நுரையீரலும் இதயமும் நசுங்கும்போது ஊசி குத்தி அதை வெளியேற்ற வேண்டும். காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, இரண்டாம் விலாவிடை என்பதே பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்த இடம். விலாவை எண்ண, மார்பெலும்பில் தட்டுப்படும் 'லூயிக் கோணம்' உதவும். அதன் இருபுறமும் இணைவது இரண்டாம் விலா. (இது எந்தப் பிரெஞ்சு லூயியின் பெயர் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.) நெப்ராஸ்காவில் ஒரு மருத்துவர் தன் குடும்பத்துடன் சிக்கிய 1976-ஆம் ஆண்டு விமான விபத்தின் விளைவாக உருவானது ஏ.டி.எல்.எஸ். என்னும் விபத்துச் சிகிச்சைப் பயிற்சி. அதன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, வயதுவந்தோருக்கு இந்த இடத்தை மாற்றியது. நான்காம் அல்லது ஐந்தாம் விலாவிடையில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் என்பதே புதிய விதி. பலருக்கு முன்புற நெஞ்சுச் சுவர் ஊசியின் நீளத்தைவிடத் தடிப்பாக இருந்ததே முதன்மைக் காரணம். எங்கே குத்தினாலும் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே குத்த வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுவது கீழ் விளிம்பில்.

தொடை இடுக்கில் வெளியிலிருந்து உள்நோக்கி நரம்பு, தமனி, சிரை என்பது வரிசை. தமனியின் துடிப்பு கிடைத்தால் அதற்கு உட்புறமாகச் சிரை கிடைக்கும். இதயம் நின்றுபோனவரிடம் துடிப்பே இராது. அங்கே வரிசை மட்டும் போதாது, இடுப்பு எலும்பின் மேடுகளுக்கிடையே உள்ள தூரமும் தெரிந்திருக்க வேண்டும். சிரையே அகப்படாதபோது முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் உட்புறத் தட்டையான பரப்பில் ஊசியிறக்கி, மச்சை வழியாக மருந்து செலுத்துவது உண்டு.

மீண்டும் கூறிடல் மேசைக்கு

1893-இல் ஃபெர்டினான்ட் புளூம் கண்டறிந்த ஃபார்மலின் பதப்படுத்தல் சடலங்களை ஆண்டுக்கணக்கில் காத்தது. கூடவே அவற்றை விறைக்கவும் வைத்தது. விறைத்த கழுத்தில் மூச்சுக்குழாய் செலுத்திப் பழக முடியாது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்ட்டர் தீல் 1992-இல் வெளியிட்ட முறை மூட்டுகளையும் தசைகளையும் நெகிழ்வாக வைத்திருக்கிறது. அதனால் மூச்சுவழி, நெஞ்சுக்குழாய், சிரைவழி ஆகியவற்றை உயிருள்ள உடலுக்கு நெருக்கமான உணர்வோடு பழகலாம். இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம், முதலாண்டிலேயே மாணவரை நோயாளியருகில் கொண்டுவந்து, உடற்கூறு வகுப்பை மருத்துவமனையுடன் இணைக்க முயல்கிறது. அல்ட்ராசவுண்டு கருவி மற்றொரு மாற்றம். கடினமான கழுத்து என்று முன்கூட்டியே தெரிந்தால், மயக்கம் கொடுக்கும் முன்பே சவ்வு இருக்கும் இடத்தைக் கருவியால் பார்த்து, தோலில் பேனாவால் கோடு போட்டு வைக்கிறார்கள்.