அல்சர் ஆபரேஷனில் பிறந்த எடைகுறைப்பு சிகிச்சை



சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர். எடை 112 கிலோ. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். "எடைகுறைப்பு ஆபரேஷன் பத்தி யோசிங்கக்கா" என்றேன்.

"வாயக் கட்டத் தெரியாதவளுக்கு ஆபரேஷன் ஒரு கேடா டாக்டர்?" என்றார். கண் கலங்கிவிட்டது.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் தாண்டினால் நெய்யூர். 1922, 1924 என இரண்டு முறை எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய சர்ஜன் சோமர்வெல், அந்த ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில்தான் பல வருஷம் வேலை பார்த்தார். அங்கே அல்சர் நோயாளிகள் ஏராளம். மாத்திரையில் அல்சர் ஆறாத காலம் அது. இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார். 1936ல் சக மருத்துவரோடு அவர் எழுதிய கட்டுரை, 2,500க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றியது.

இப்படி உலகம் முழுக்க அல்சருக்காக இரைப்பையில் கத்தி வைத்தார்கள். சிலருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையே எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவின் அயோவாவில் சர்ஜன் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்தார். அப்படி எடுத்தவர்களுக்கு எடை ஏறவே மாட்டேங்குது! அல்சர்காரருக்கு அது தொல்லை. உடல்பருமன் உள்ளவருக்கு அதுவே வைத்தியம் ஆனால்?

1966ல் இட்டோ என்ற மருத்துவரோடு சேர்ந்து முதல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார்.

அதற்கு முன்பே, 1954ல் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் ஆபரேஷன் ஒன்று வந்திருந்தது. எடை குறைந்தது, ஆனால் பலருக்கு ஈரல் கெட்டது, சிறுநீரகக் கல் வந்தது. பிற்பாடு அதைக் கைவிட்டார்கள்.

1995ல் இன்னொரு ஆச்சரியம். பைபாஸ் செய்த பலருக்கு எடை குறையும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கியதாக வால்டர் போரிஸ் எழுதினார். 1999ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையில்! இன்று அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்கை எடுக்கும்போது, கிரெலினும் குறைகிறது.

ஆக, இது கொழுப்பை உறிஞ்சும் அழகு சிகிச்சை இல்லை. பசியின் கணக்கையே மாற்றும் சிகிச்சை. பசியை நடத்துவது ஹார்மோன் என்றால், "வாயக் கட்டலை" என்று ஒருவரைத் திட்டுவது என்ன நியாயம்?

யாருக்கு? 1991ல் அமெரிக்காவில் பிஎம்ஐ 40, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 35 என்று வரையறுத்தார்கள். நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால் இந்திய வழிகாட்டிகள் 37.5, 32.5 என்று குறைத்தன. 2022ல் சர்வதேச சங்கங்கள் ஆசியர்களுக்கு 27.5லேயே பரிசீலிக்கச் சொல்லிவிட்டன.

ஆபத்தே இல்லையா? இருக்கு. தையல் கசியலாம், ரத்தம் உறையலாம், அரிதாக உயிரும் போகலாம். அனுபவமுள்ள குழுவும் ஐசியூவும் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. கட்டுப்பாடு போனால் எடை திரும்பும்.

அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. அது அவர் உரிமை. ஆனால் போகும்போது "அப்ப இது என் தப்பு மட்டும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டார்.

இல்லைக்கா. இது நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு.